இழவில்லாத வீட்டில் ஒப்பாரி வைப்பதில்லை

தேர்தல் வந்துவிட்டால் சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்கு அடியிலும் பாட்டுக் கேட்கும். குழாய் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகச் சுற்றிவிட்டுத் தோட்டங்களை ஒட்டிய சாலையில் திரும்பும். மெட்டு எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டு. வார்த்தை கட்சியுடையது. காதலனைக் கூப்பிட்ட இடத்தில் வேட்பாளரின் பெயர் இருக்கும், நிலவு வந்த இடத்தில் சின்னம் வந்திருக்கும். குலை வெட்டும் பெண்கள் கத்தரிக்கோலை நிறுத்தாமல் கூடவே முணுமுணுப்பார்கள். அந்த மெட்டைப் போட்டவர் இந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவாரா என்று யாரும் கேட்பதில்லை. முதன்முதலில் அதைப் பாடிய பெண்ணிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா என்றும் கேட்பதில்லை.

கேட்கிற இடங்களும் உலகத்தில் இருக்கின்றன. 1984இல் ரொனால்ட் ரேகன் நியூ ஜெர்சிப் பிரச்சாரக் கூட்டத்தில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் பெயரைச் சொல்லி அவருடைய பாட்டுகளின் புகழில் பங்கு கேட்டார். சில நாட்களிலேயே ஸ்பிரிங்ஸ்டீன் மேடையில் அதைக் கிண்டல் செய்து விலகிக்கொண்டார். அவருடைய அந்த ஆண்டின் பெரும் வெற்றிப் பாட்டு, வியட்நாமிலிருந்து திரும்பியும் வேலை கிடைக்காத ஒருவனின் கதை. சினேட் ஓ'கானர் 2023இல் இறந்தார். அடுத்த மார்ச்சில் அவருடைய பாட்டை டொனால்ட் டிரம்ப் கூட்டங்களில் ஒலிக்கவிடுவதை நிறுத்தும்படி அவருடைய உரிமைதாரர்கள் கேட்டார்கள். 2024 ஆகஸ்டில் பியான்சேயின் விடுதலைப் பாட்டு கமலா ஹாரிஸின் பிரச்சாரத்தில் அனுமதியோடு ஒலித்தது. அதே பாட்டை டிரம்ப் தரப்பு ஒரு வீடியோவில் சேர்த்தபோது பியான்சேயின் இசை நிறுவனம் சட்ட நடவடிக்கை எடுப்பதாக எச்சரித்தது, வீடியோ நீக்கப்பட்டது. ஒரே பாட்டுக்கு ஒரு மேடையில் சம்மதம், இன்னொரு மேடையில் மறுப்பு. இரண்டையும் சொல்ல முடிவதுதான் உரிமை.

இந்தியாவில் பெரும் செய்தியான ஒரு வழக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2022 நவம்பரில், பாரத் ஜோடோ யாத்திரை வீடியோக்களில் 'கே.ஜி.எஃப். 2' படத்தின் இசையைக் காங்கிரஸ் பயன்படுத்தியதாக எம்.ஆர்.டி. மியூசிக் என்ற நிறுவனம் பெங்களூரு நீதிமன்றத்துக்குப் போனது. காங்கிரஸின் ட்விட்டர் கணக்குகளை முடக்கும்படி உத்தரவானது. மறுநாளே கர்நாடக உயர் நீதிமன்றம், வீடியோக்களை நீக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்த உத்தரவை விலக்கியது. வழக்குப் போட்டது உரிமையை வாங்கி வைத்திருந்த நிறுவனம். இசையமைத்தவரும் பாடியவரும் அந்த வழக்கின் மையத்தில் இல்லை. பாட்டு ஒரு சொத்து, சொத்தை அனுமதியில்லாமல் எடுத்தது குற்றம் என்பதோடு விஷயம் முடிந்தது. பாட்டுக்கு ஒரு மனம் உண்டு, அது சில மேடைகளில் ஏற மறுக்கலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

தேனி மாவட்டத்துக்காரிக்கு இது தொலைதூரத்து விஷயமாகத் தோன்றாது. பாட்டை வைத்து அரசியல் செய்வதில் எங்கள் மண் முன்னோடி. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடினார். மக்கள் அறிந்த சினிமா மெட்டில் கட்சியின் சொல்லை ஏற்றுவது அவர் கைவந்த கலை. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலையேறிப் போய்த் தேயிலைத் தோட்டத் தமிழர்களிடையே பாடினார். அந்தத் தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் வென்றதற்குப் பாவலரின் பாட்டு ஒரு காரணம் என்று இன்றும் பேசப்படுகிறது. 1962இல் எஸ்.எஸ். ராஜேந்திரன் தேனியில் நின்று சட்டமன்றத்துக்குப் போனார். 1984இல் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் படுத்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார்.

இந்த வரலாற்றைப் பெருமையோடு சொல்கிறோம். இதில் பெண் குரல் எங்கே இருந்தது என்று பார்த்தால் பெருமை கொஞ்சம் தடுக்கும். பாவலர் குழுவில் தம்பிகள் பாடினார்கள். குரல் உடையும் வயதுவரை பெண் குரலில் பாடும் பங்கு தனக்கு இருந்ததை இளையராஜா தன் நினைவுகளில் சொல்லியிருக்கிறார். பெண்ணின் துயரத்தைச் சொல்லும் வரி மேடைக்குத் தேவைப்பட்டது, பெண் தேவைப்படவில்லை. கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் பெரும்பகுதி கொழுந்து பறிக்கும் பெண்கள். வென்ற வேட்பாளரும் பெண். பாடும் இடம் மட்டும் பையன்களுக்கு.

1984இல் பெண் குரலே தேவைப்பட்டது. 'ஒளிவிளக்கு' (1968) படத்தில், சாகக் கிடக்கும் எம்.ஜி.ஆருக்காகச் சௌகார் ஜானகியின் பாத்திரம் கடவுளிடம் மன்றாடும் பாட்டு ஒன்று உண்டு. வாலி எழுதியது, பி. சுசீலா பாடியது. எம்.ஜி.ஆர். நோயில் விழுந்தபோது தமிழகத் திரையரங்குகளில் அந்தப் பாட்டு பிரார்த்தனையாக ஒலித்தது. கதையில் ஒரு பெண் ஓர் ஆணின் உயிருக்காக அழுகிறாள். ஊரில் அது ஒரு தலைவருக்காக எல்லாப் பெண்களும் அழும் பாட்டாக மாறியது. அந்த அழுகையில் உண்மை இருந்தது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த உண்மை வாக்காகவும் மாறியது. ஒரு பாடகியின் தொண்டை ஒரு கட்சியின் முதலாக மாறுகிற இடத்தில் அவளுடைய விருப்பம் என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை. நன்றாகப் பாடும் பெண்ணை நாம் தெய்வீகக் குரல் என்கிறோம். தெய்வத்திடம் யாரும் அனுமதி கேட்பதில்லை.

இந்தக் கேள்வி வெளிப்படையாக எழுந்தது 2022இல்தான். அந்த ஆண்டு ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடங்கியது. பிரதமரும் முதலமைச்சரும் இருந்த மேடை. 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டைத் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். 2021 மார்ச்சில் வெளிவந்தபோது தீயோடு சேர்ந்து பாடியவரும், பாட்டை எழுதியவருமான அறிவு அங்கே இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வு அந்தப் பாட்டின் வேர். தன் முன்னோரின் வரலாறு தன் பெயர் மறைய மேடையேறுவதை எதிர்த்து அறிவு எழுதினார். பாட்டு கூட்டு உழைப்பு, அறிவுக்கு எங்கும் உரிய இடம் கொடுத்தோம், அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்பது இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் விளக்கம். தீயும் தன் பங்குக்குப் பதில் சொன்னார். முந்தைய ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு விடுபட்டதைப் பா. ரஞ்சித் கண்டித்திருந்தார் என்பதால், இது தற்செயல் என்று பலரால் நம்ப முடியவில்லை. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து மூவருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே சொன்னார்.

தலித் படைப்பாளியின் பெயர் மேடை பெரிதாகப் பெரிதாகச் சிறிதாவது இந்த நாட்டின் பழைய வழக்கம். அந்த வகையில் அறிவின் கோபம் நியாயமானது. ஆனால் அந்த விவாதம் நடந்த முறையை ஒரு பெண்ணாக வாசிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் படுகிறது. எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், தயாரித்தவர் யார் என்று வாரக்கணக்கில் பேசினோம். தீயை வாரிசு என்று திட்டுவது எளிதாக இருந்தது. வள்ளியம்மாள் எல்லோருடைய வாயிலும் வேராகவும் மண்ணாகவும் மூதாதையாகவும் வந்தார். கருத்துச் சொல்லக்கூடிய ஓர் ஆளாக வரவில்லை. மாரியம்மாளின் நிலை அதைவிட மோசம். விடுபட்டவருக்குப் பதிலாக நின்றவர் என்பதைத் தாண்டி, வாழ்நாள் முழுக்கப் பாடி வந்த கலைஞர் ஒருவர் அந்த மேடையில் நின்றார் என்று பேசியவர்கள் குறைவு. ஒருவரின் பெயர் அழிக்கப்பட்டதைப் பேசும்போதே இன்னும் இருவரை உவமைகளாக்கிவிட்டோம்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவு ஆசிரியருக்கு ஒரு தார்மீக உரிமையைத் தருகிறது. உரிமையை விற்றுவிட்டாலும், இது என் படைப்பு என்று சொல்லவும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் அவரால் முடியும். 2012 திருத்தம் பாடுபவர் போன்ற நிகழ்த்துநர்களுக்கும் அதைப் போன்ற உரிமையைத் தந்தது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, மதச் சடங்குகளிலும் மத்திய, மாநில அரசுகளும் உள்ளாட்சிகளும் நடத்தும் அதிகாரப்பூர்வ விழாக்களிலும் பாட்டை நிகழ்த்துவது உரிமை மீறல் ஆகாது என்கிறது. கட்சிக் கூட்டத்துக்கு இந்தச் சலுகை கிடையாது; அரசு விழாவுக்கு உண்டு. எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே பந்தல்காரர்தான், ஒரே மைக்செட்தான். மேடையில் உட்கார்ந்திருப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

இந்த உரிமைகளுக்கெல்லாம் ஒரு வாசல் உண்டு. எழுதியவர், மெட்டமைத்தவர், பாடிப் பதிவுசெய்தவர் என்று ஏதோ ஓர் இடத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி, ஒப்பாரி என்று வாய்மொழியாக வந்தவற்றுக்கு இந்தச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இல்லை. அவற்றை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களிலும் பெரும்பாலோர் கூலிப் பெண்கள். நாட்டார் பாடல் தொகுப்புகளைப் புரட்டினால், பலவற்றில் சேகரித்தவரின் பெயர் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்கும். பாடியவளின் பெயர் இருக்காது. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் பெயர் தெரியாத புலவரைக்கூட வெறுமனே விடவில்லை. பாட்டில் இருந்த ஒரு தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று பெயரிட்டுப் பக்கத்தில் எழுதிவைத்தார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு ஊருக்குள் வந்த நாம், எதிரில் உட்கார்ந்து பாடியவளிடம் பெயர் கேட்க மறந்தோம்.

2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்த் திராட்சையை இந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று சட்டம் இப்போது சொல்கிறது. நல்ல காரியம். பழத்துக்குக் கிடைத்த அந்த மரியாதை, அதைப் பறிக்கும்போது பாடியவளின் பாட்டுக்கு வரவில்லை.

ஆனால் சட்டத்துக்கு முன்பே இந்தப் பெண்களிடம் ஒரு மறுப்புரிமை இருந்தது. நான் சொல்ல வந்தது இதைத்தான். ஒப்பாரியைப் பதிவுசெய்யக் கிராமத்துக்குப் போன ஆய்வு மாணவியர் எல்லோருக்கும் இது தெரியும். பாட்டி முதலில் மறுப்பார். வற்புறுத்தினால், "வீட்டுக்குள்ள வேணாம் தாயி, இழவு விழுந்த வீடுன்னு நெனைப்பாக. தோப்புப் பக்கம் வா, பாடுறேன்" என்பார். மூடநம்பிக்கை என்று நாம் ஒதுக்கிவைத்த அந்தச் சொல்லில் ஒரு முழுச் சட்டம் இருக்கிறது. இந்தப் பாட்டுக்கு ஓர் இடம் உண்டு, ஒரு நேரம் உண்டு, ஒரு காரணம் உண்டு. காரணம் இல்லாத இடத்தில் இதை வைக்கக் கூடாது. முடிவு செய்பவள் பாடுகிறவள்.

சாதி அந்த முடிவை அவளிடமிருந்து பறித்தது. மேல்சாதி வீட்டு இழவுக்குப் பறையடிக்கத் தலித் ஆணையும், போய் அழத் தலித் பெண்ணையும் ஊர் வரவழைத்தது. மனமில்லாமல் வேலை செய்கிறவர்களைக் கூலிக்கு மாரடிக்கிறார்கள் என்று இன்றும் சாதாரணமாகச் சொல்கிறோம். கட்டாயப்படுத்தி அழவைத்தவர்களை விட்டுவிட்டு, அழவைக்கப்பட்டவளைப் பொய்க்காரி ஆக்கிய சொலவடை அது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று தலித் மக்கள் ஊர் ஊராக மறுத்தது தமிழ்ச் சமூகம் கண்ட இசைக் கலைஞர்களின் எதிர்ப்புகளிலேயே பெரியது. வழக்கறிஞர் நோட்டீஸ் எதுவும் அதில் இல்லை. அடியும் ஊர்விலக்கும் இருந்தன. இசைக் கலைஞர்களின் மறுப்பைப் பற்றி எழுதும்போது அமெரிக்காவில் ஆரம்பிக்கிறோம், பறையை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தவர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்களோடு சேர்ந்து, அழ வரமாட்டேன் என்ற பெண்களைப் பற்றி அதைவிடக் குறைவாகவே எழுதியிருக்கிறோம்.

இன்று தேவை வேறு மாதிரி வருகிறது. தலைவர் வருகிறார் என்றால் மகளிர் குழுவுக்கு ஆள் சொல்லி அனுப்புவார்கள். ஆரத்தி எடுக்கவும் கும்மியடிக்கவும் குலவையிடவும் பெண்கள் வேண்டும். முளைப்பாரியைச் சுற்றி மாரியம்மனுக்குப் பாடிய கும்மியில் அம்மன் பெயரை எடுத்துவிட்டுத் தலைவர் பெயரைச் செருகித் தருவார்கள். சேலையும் அன்றைய கூலியும் கிடைக்கும். ஏலத்தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப்பில் அடைபட்டு மலையேறுவதைவிட அன்றைய பொழுது பரவாயில்லை என்று போகிறவளை நான் குறை சொல்லமாட்டேன். போகாவிட்டால் அடுத்த கடனுக்குக் கையெழுத்துக் கிடைக்குமா என்ற பயத்தோடு போகிறவளையும் சொல்லமாட்டேன். என் கேள்வி அழைக்கிறவர்களுக்கு. வரமாட்டேன் என்று சொல்ல அவளால் முடிகிறதா? முடியாது என்றால் அந்தக் கும்மி கலை நிகழ்ச்சி ஆகாது. பெயர் மாற்றிய பழைய கட்டாயம் அது.

பாட்டுக்கு வேலி போடச் சொல்கிறாயா என்று தோழர்கள் கேட்கலாம். அனுமதி வாங்கித்தான் மெட்டைத் தொட வேண்டும் என்றிருந்தால் பாவலரே கிடையாதே என்பார்கள். சரியான கேள்வி. நான் வேலி கேட்கவில்லை. எடுக்கும் திசையைப் பார்க்கச் சொல்கிறேன். கையில் ஒன்றுமில்லாதவர்கள், காற்றில் ஏற்கெனவே பெரும்பணத்தோடு ஒலித்துக்கொண்டிருக்கும் சினிமா மெட்டை எடுத்துத் தங்கள் கூலிக்காகப் பாடினால் அதில் யாரும் அழிவதில்லை. மெட்டமைத்தவரின் பெயர் ஊருக்கே தெரியும். அதிகாரத்தில் இருப்பவர்கள் கீழே குனிந்து, பெயரே பதிவாகாதவளின் பாட்டை எடுத்துத் தங்கள் விழாவுக்கு மாலையாகப் போடும்போது அவள் இன்னொரு முறை காணாமல் போகிறாள். இரண்டையும் மக்கள் சொத்து என்ற ஒரே சொல்லால் மூடுவது நேர்மையில்லை.

ஒரு பாட்டு அரசை எதிர்த்தால் பாடியவரின் பெயர் உடனே தெரிந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். 2015 அக்டோபரில் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய கோவனை, மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் என்று துல்லியமாக அடையாளம் கண்டு தேசத்துரோக வழக்கில் கைது செய்தார்கள். முதல் தகவல் அறிக்கைக்குத் தெரிகிற பெயர் விழா அழைப்பிதழுக்குத் தெரியாமல் போவது எப்படி?

அதே 2015 செப்டம்பரில், பாவலர் பாடப் போன அதே தேவிகுளம் மலையில், மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் 20 சதவிகித போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஒற்றுமை என்பதைப் பேச்சுவழக்கில் பொம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பேசிக்கொடுக்க வந்த தொழிற்சங்கத் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். தமிழில், தங்கள் சொல்லில், தாங்களே கோஷம் போட்டார்கள். கேட்ட போனஸை வாங்கினார்கள். 1958இல் அவர்களுடைய துயரத்தை ஆண்கள் பாடிக் காட்ட வேண்டியிருந்தது. 57 ஆண்டுகள் கழித்து அந்தக் குரலை யாருக்கும் இரவல் கொடுக்க அவர்கள் தயாராக இல்லை.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. வாய்மொழிப் பாட்டைப் பதிவுசெய்யும் பல்கலைக்கழகமும் நிறுவனமும் இயக்குநரும் பாடியவளின் பெயரை முதலில் எழுத வேண்டும். எங்கே ஒலிக்கலாம், எங்கே கூடாது என்று அவளிடம் கேட்டு அதையும் பதிவுசெய்ய வேண்டும். அரசு விழாவுக்குச் சட்டம் தந்திருக்கும் சலுகை பணம் கட்டுவதிலிருந்து விலக்காக இருக்கட்டும். பெயர் சொல்வதிலிருந்தும் சம்மதம் கேட்பதிலிருந்தும் விலக்கு வேண்டாம். மேடைக்கு வரமாட்டேன் என்ற பெண்ணின் கடனும் வேலை அட்டையும் அந்தச் சொல்லால் பாதிக்கப்படக் கூடாது. இவற்றுக்குப் புதிய தத்துவம் தேவையில்லை. தோப்புப் பக்கம் வா என்று சொன்ன பாட்டி தன் பாட்டுக்கு விதித்த விதிகள்தான் இவை. நாம் பதிவுக் கருவியை அணைத்துவிட்டுக் கேட்டிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும்.